ஆடிக் கூழும் மூடி போட்ட கப்பும்

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவின் போனில் உன் ஸ்டேட்டஸ் தினமும் மாறிக்கொண்டிருக்கிறது. நேற்று ஏதோ கடற்கரையில் நின்றுகொண்டிருந்தாய், முந்தாநாள் பீட்சா. நான் கூப்பிட்டால் மட்டும் மீட்டிங். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீட்டிங் வைக்கும் கம்பெனியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. போன வாரம் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவ்வளவு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன், நீ ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். அதற்கு என்ன அர்த்தம்? சரி என்றா, போதும் என்றா, ஆளை விடு என்றா? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நாளைக்கு உன் அம்மா கோவிலம்பாக்கத்துக்கு, உன் ஃபிளாட்டுக்கு வருகிறாள். இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் அப்படி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

விஷயம் கூழ்தான், வேறென்ன. வருகிற ஞாயிறு ஆடியின் கடைசி ஞாயிறு. அன்றைக்கு இன்னொரு முறை கூழ் ஊற்றுவதாக ஒருவரிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே ஆடியில் ஒரே வீட்டில் இரண்டு தடவையா என்று தெருவில் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். என் கவலை அது இல்லை. அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்ட எனக்குக் கை இல்லை. நீ என்னடா என்றால், "அடுத்த வருஷத்துலேருந்து கேட்டரிங் சொல்லிடலாம்பா, அமௌன்ட் நான் போட்டுடறேன்" என்று அனுப்பிவிட்டு இரண்டு வாரமாக வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். கூழுக்குக் கேட்டரிங்! கேழ்வரகு மாவு, நொய், வெங்காயம், மோர், உப்பு, தண்ணீர். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கையில் பெரிதாக ஒன்றும் இல்லாதவனும் ஒரு தெருவுக்கே வயிறு நிரம்பக் கொடுக்க முடிகிற ஒரே சாப்பாடு அது. அதைச் செய்ய டெம்போவில் ஆள் வந்து, தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு, மேசைக்குத் துணி விரித்து நிற்பானா? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீயாகத்தான் கேட்டாய், மறந்துவிடாதே. ஆனியில் தாம்பரத்து டாக்டர் என் வலது தோளைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு, கனமான வேலை எதுவும் கூடாது என்றார். "கூழ் கிண்டலாமா டாக்டர்?" என்று உன் அம்மா கேட்டாள். அந்தப் பிள்ளை சின்னக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் பண்ணலாம்மா" என்றார். அண்டாவின் அளவை இவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்குச் சாயந்திரம் நீ போனில், "அப்பா, இந்த வருஷம் நான் பாத்துக்கறேன். நீங்க சேர் போட்டு உக்காந்து வேடிக்கை பாருங்க, போதும்" என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிட்லபாக்கத்தில் காலையில் ஏரிக்கரையில் நடக்கிற அத்தனை பேரிடமும், "இந்த வருஷம் பையன் காய்ச்சறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டாய். தெரு வாட்ஸப் குழுவில், கூழுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பதிவு செய்யவும் என ஒரு கேள்வி. கீழே தொடுவதற்கு மூன்று கட்டம். யாராவது தொட்டார்களா? மூன்று பேர் தொட்டார்கள், அதில் ஒருவர் உன் அம்மா. கூழுக்கு யாராவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார்களா? வாசலில் வேப்பிலை கட்டி, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு கேட்டால் வருவார்கள். கோலம் போடுகிறவள், கோலத்தை மிதித்துக்கொண்டு போகிறவன், பள்ளிக்கூட ஆட்டோ, எதிர் மனையில் கட்டடம் கட்டுகிற ஒரிசாப் பிள்ளைகள், நடுவில் யாரோ ஒரு கூரியர் பையன். போன வருடம் அந்த ஒரிசாப் பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை போட மறந்துட்டீங்களா சார்?" என்று என்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? இரண்டாவது சொம்புக்கும் வந்தான். இவனை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

கருவாடு வாங்கக் கோவளத்துக்கு உன் காரில் போனோமே, அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி சாக்கு விரித்து விற்கும் செல்வி அக்காவிடம் நான் எத்தனையோ வருடமாக வாங்குகிறேன். உன்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னா சார், இதான் பையனா? இம்மாம் உசரம் வளந்துகீறான்!" நீ வணக்கம்கூடச் சொல்லாமல் குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து முகர்ந்துவிட்டு, "அக்கா, இதுல சால்ட் எவ்ளோ பர்சன்ட் இருக்கும்?" என்று கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள், நான் கடலைப் பார்த்தேன். "கருவாட்டுல உப்பு எவ்ளோன்னா கேக்குற? வூட்டுக்கு எட்த்துகினு போயி நாலு தண்ணி அலசு, அம்மாக்கு தெரியும். சும்மா நின்னுகினு பேஜார் பண்ணாத கண்ணு, வெயில் ஏறிகினு கீது" என்றாள். நீ திரும்பி வரும் வழி முழுக்க, ஆன்லைனில் பாக்கெட் போட்டு நாற்றமே இல்லாமல் கிடைக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாய். நாற்றம் இல்லாத கருவாட்டை வைத்துக்கொண்டு என்னடா செய்வது?

பெரிய கூட்டத்துக்குச் சமைப்பது என்பது சின்னச் சமையலைப் பெருக்குவது இல்லை என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன். நீ கணக்கில் கெட்டிக்காரன், அதுதான் உன் தொல்லை. பத்துப் பேருக்குப் போடுகிற மிளகாயைப் பத்து மடங்காக்கி நூறு பேருக்குப் போட்டால் நூறு பேரும் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடுவார்கள். உப்பைப் பாதி போட்டு, கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்துப் போட வேண்டும். கூட்டம் பெரிதாக ஆக வகை குறைய வேண்டும், ஒரு சாதம், ஒரு தொடுகறி, அப்பளம், தீர்ந்தது. நீ உன் ஃபிளாட்டில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஏழு வகை செய்யப் போய், கடைசியில் பிரியாணி வரவழைத்தீர்கள் என்று மருமகள் சொன்னாள். எனக்கும் ஒன்றும் பிறக்கும்போதே தெரிந்துவிடவில்லை. உன் காதுகுத்துக்கு நான் செய்த சாம்பார் சாதத்தைப் பற்றி உன் அம்மா இன்னும் வாய் ஓயாமல் பேசுகிறாள். வீட்டுக்குச் செய்கிற பதத்தில் இறக்கி மூடி வைத்துவிட்டேன், பந்தி போடுவதற்குள் சோறு அத்தனை சாம்பாரையும் குடித்துவிட்டுக் கட்டியாகிவிட்டது. கரண்டி அதில் நட்டு வைத்த மாதிரி நின்றது. கூட்டத்துக்குச் செய்யும்போது தளதளவென்று, இது தேறாது என்று தோன்றுகிற அளவுக்குத் தண்ணீராக இறக்க வேண்டும், சாப்பிட உட்காரும் நேரத்துக்கு அது சரியாகிவிடும். இதை உனக்குப் போனில் சொன்னபோது நீ, "ஓகே ஓகே" என்றாய்.

கூழுக்கு நேரம் வேண்டும், அது ஒன்றுதான் அதற்குச் செலவு. வெள்ளிக்கிழமை மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம் வரும் வரை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். பிறகு அப்படியே ராத்திரி முழுக்க ஆற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கையை விட்டுக் கரைத்து மோரும் வெங்காயமும் சேர்ப்பது. நீ வெள்ளிக்கிழமை வரவில்லை, ஆபீஸ் போன் கால் இருக்கிறது என்றாய். சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு மருமகளோடும் இரண்டு நண்பர்களோடும் வந்து இறங்கினாய். ஒரு நாள் புளிக்க வேண்டியதை வெந்நீரும் தயிரும் ஊற்றி நாலு மணி நேரத்தில் புளிக்க வைக்கலாம் என்று வீடியோவில் பார்த்தாயாம். ஞாயிறு விடிகிற நேரத்தில் காய்ச்சி இறக்கினாய். அது எரிமலைக் குழம்பாகக் கொதித்துக்கொண்டு இருக்கிறது, வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், நீ என்ன செய்தாய்? தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி ஐஸ் கட்டி மூட்டை வாங்கி வந்து அண்டாவில் கொட்டினாய். மீன் வண்டிக்குப் போடுகிற ஐஸ்! நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். "வாயை மூடிக்கிட்டு உக்காருங்க, அவன் பண்ணட்டும்" என்று உன் அம்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். கூழ் வெளியே விறைத்து, உள்ளே கொதித்து, கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி தட்டியது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கட்டிக் கூழைக் குடித்து யாரும் செத்ததில்லை. என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்தக் கப்புதான். காகிதக் கப், அதற்கு ஒரு மூடி. மேசை போட்டு அடுக்கி வைத்து, ஒரு நண்பன் எண்ண, ஒரு நண்பன் மூடி போட, நீ கரண்டியோடு நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம், "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாய். கேட்டுக் கேட்டு அத்தனை கப் கொடுத்தாய். நம் வாசலுக்குக் கூழுக்கு வருகிறவர்கள் தூக்கு கொண்டு வருவார்கள், சொம்பு கொண்டு வருவார்கள், ஒரு பெண் பெயின்ட் வாளியைக் கழுவிக்கொண்டு வருவாள். கொண்டு வந்த பாத்திரம் நிரம்ப ஊற்றி அனுப்புவதுதான் இங்கே பழக்கம். எத்தனை பேர் என்று கேட்பதில்லை, யாருக்கு என்று கேட்பதில்லை. நீ பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்று, அது உன் கண்ணில் பட்டதே இல்லையா? அவர்கள் ஒரு கையில் காலித் தூக்கும் மறுகையில் கப்புமாக என்ன செய்வதென்று தெரியாமல் கேட் ஓரமாக நின்றார்கள். இன்னும் வேண்டுமோ என்று நினைத்து நீ ஆளுக்கு இன்னொரு கப் நீட்டினாய்.

அந்த நேரத்தில்தான் எதிர் வீட்டு விஜயாம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் கோபாலன் சாரை உனக்கு நன்றாகத் தெரியும், தையில் அவர் காலமானபோது நீயும் வந்து கூட நின்றாய். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர்கள், கூழ் என்றால் முதலில் மூக்கைச் சுளித்தவர்கள். ஏரி நிரம்பித் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருடம் நம் மாடியில் தெருவே இருந்ததே, அப்போது நீ காலேஜில். ஒரே ஒரு சிலிண்டர், இரண்டு பக்க வீட்டு அரிசி, யார் வீட்டிலோ மிதக்காமல் தப்பித்த பாசிப்பருப்பு. மூன்று நாளும் ஒரே சாப்பாடு, அரிசியும் பருப்பும் வெங்காயமும் மஞ்சளும் உப்பும் போட்டுக் குழையக் குழைய ஒரு பொங்கல். குழந்தைக்கும் அதுவே, பல் இல்லாதவருக்கும் அதுவே. கோபாலன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட எழுந்திருக்க மாட்டேன் என்றார். அடுத்த ஆடியில் நம் கேட்டுக்கு முதல் ஆளாகத் தூக்கோடு வந்து நின்றவர் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு வருடம் தவறியதில்லை. கருவாட்டுக் குழம்பை எட்ட வைத்துவிட்டு, மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நின்றபடியே ஒரு சொம்பு குடித்துவிட்டு, தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வருடம் அதே தூக்கோடு அந்தம்மா தனியாக வந்தார். வரிசையில் நின்றார். நீ கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீட்டுல எத்தனை பேர் ஆன்ட்டி?" என்று கேட்டாய். சத்தமாகத்தான் கேட்டாய், பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். அவர், "நான் ஒருத்திதாம்பா" என்றார். அதன் பிறகுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் நண்பன் அதற்குள் ஒரு கப்பை மூடி போட்டு அவர் கையில் வைத்துவிட்டான். அவர், "பரவால்லப்பா, பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்தக் கப் நம் காம்பவுண்டுச் சுவர்மேல் மத்தியானம் வரை இருந்தது, காக்காய்கூடத் தொடவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் பாதி அண்டா கூழ் மீந்து கிடந்தது. நம் வீட்டுக் கூழ் ஒரு நாளும் மீந்ததில்லை. நான் கத்தினேன். உன் நண்பர்கள் முன்னால், மருமகள் முன்னால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "நாலு பேருக்கு ஊத்தத் தெரியாதவன் எதுக்குடா கரண்டியப் பிடிக்கிற? ஹோட்டல்னு நெனச்சியா? மனுஷங்கடா!" என்றேன். மீந்ததை உன் அம்மா வாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நீ அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பிடித்ததைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு, சாப்பிடாமல் காரில் ஏறிப் போனாய். ராத்திரி அந்தக் கேட்டரிங் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன், கேட்க நீ இல்லை, உன் அம்மா கேட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரமாக எதிர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தம்மா வெளியே வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். நேற்றுத்தான் போனேன். சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், "அம்மா, பையன் தெரியாம கேட்டுட்டான், நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். "உக்காருங்கண்ணா, காபி போடறேன்" என்று உள்ளே போய்விட்டார். காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

"அவர் போனப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தர்கூட என்னை அப்படிக் கேக்கலண்ணா. பால்காரர் கேக்காமலே ஒரு பாக்கெட்டக் குறைச்சுட்டார். காய்கறிக்காரர் தானா பாதிப் பாதியா நிறுத்துப் போடறார். நான் வந்தா எல்லாரும் பேச்ச மாத்திடறாங்க. நீங்களும்தான், கோச்சுக்காதீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சுத்தான் செய்யறீங்க, தெரியும். உங்க பையன் கேட்டான். நான் ஒருத்திதான்னு என் வாயால சொன்னேன். சொன்னப்பறம்தான் எனக்கே அது காதுல விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அழுதேன். அவர் போன அன்னிலேருந்து அதுவரைக்கும் நான் அழவே இல்லண்ணா."

காபி ஆறிப் போனது, அதைக் குடித்தேன். அவர்தான் மறுபடி, "அந்தப் பிள்ளை முகம் செத்துப்போச்சு அன்னிக்கு. திட்டினீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எதிர் வீட்டில் இருப்பவருக்கு நான் கத்தியது கேட்காமலா இருந்திருக்கும்? அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் எழுந்தபோது, "இந்த வருஷம் நான் கூழே குடிக்கலையேண்ணா. இன்னொரு வாட்டி ஊத்துவீங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, "கடைசி ஞாயித்துக்கிழமை ஊத்தறோம்மா, பையன் வந்து காய்ச்சுவான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருவைத் தாண்டி நம் கேட்டுக்கு வருவதற்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது.

இப்போது என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? உன்னைத் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவா? கூழ் கட்டி தட்டியது உண்மைதானே. ஐஸ் கொட்டியது உண்மைதானே. ஊருக்கே கப்பில் ஊற்றியது தப்புத்தான், அதை நான் சாகும் வரை சொல்லுவேன். அந்தக் கேள்வியையும் நீ தெரிந்து கேட்கவில்லை, எண்ணிக்கைக்காகக் கேட்டாய், அது போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது. அதில் உனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இத்தனை மாதமாக எதிர் வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவன் நான். இதில் எனக்கும் பெருமை இல்லை. அது என்னை நேற்றிலிருந்து குடைந்துகொண்டே இருக்கிறது. அதுவும் உன்னால்தான், அதற்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு நான் அப்படிக் கத்தியதற்குக் கூழ் மட்டும் காரணம் இல்லை, விஜயாம்மாவும் இல்லை. காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உன்னிடம் போனார்கள். தப்பும் தவறுமாக என்றாலும் வேலை நடந்தது. யாரும் என்னை வந்து ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. கட்டி தட்டியதும் நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, இப்ப என்ன பண்றது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் நாற்காலியில் இருந்தபடியே சொல்லியிருப்பேன், இரண்டு பேருமாக அதைச் சரி செய்திருப்போம். நீ திரும்புவாய் திரும்புவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஐஸ் வாங்க ஆள் அனுப்பினாய்.

தோள் வலி குறைந்துவிட்டது என்று உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். குறையவில்லை. கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை. ஒரு மாதமாகக் காலையில் எனக்குச் சட்டை மாட்டி விடுவது உன் அம்மா. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன், இப்போது நானே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் நேராக வந்துவிடு. மாவு கரைக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லுவேன், உனக்கு எரிச்சல் வரும், வரட்டும். எனக்கு நீ வேண்டும்டா.

அப்பா